ஐந்து சரி, ஆறாவது?

2-இன் வர்க்கம் 4. அதன் வர்க்கம் 16. இப்படியே 256, 65,536 என்று வரிசை நீளும். இவை ஒவ்வொன்றுடனும் 1-ஐக் கூட்டுங்கள். 3, 5, 17, 257, 65,537 கிடைக்கும். ஐந்தும் பகா எண்கள்!

1640-இல் இதைக் கண்ட பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா, இவ்வரிசையில் வரும் எண்கள் யாவும் பகா எண்களே என்று நம்பினார். நிரூபிக்க மட்டும் அவரால் இயலவில்லை.

ஆறாவது எண் 429,49,67,297. இதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 65,536. அதற்குட்பட்ட பகா எண்களோ ஆறாயிரத்துக்கும் மேல். எல்லாவற்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டுமா?

வேண்டியதில்லை. இவ்வெண்ணுக்குப் பகாக் காரணி இருந்தால், அக்காரணியை 64-ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தாக வேண்டும். இது ஆய்லர் நிறுவிய உண்மை. அத்தகைய பகா எண்கள் வரிசையாக 193, 257, 449, 577, 641. முதல் நான்கால் வகுத்தால் மீதி வருகிறது. 641 மீதியின்றி வகுக்கிறது! ஈவு 67,00,417. பெருக்கிச் சரிபாருங்கள். 1732-இல் ஆய்லர் இக்காரணியைக் கண்டதும் ஃபெர்மாவின் நம்பிக்கை வீழ்ந்தது.

ஆய்வுக்கூடத்தில் ஐந்து அளவீடுகள் ஒரே நேர்கோட்டில் அமைந்துவிட்டால், விதி கிடைத்துவிட்டது என்று நாமும் மகிழ்கிறோம் அல்லவா? எடுத்துக்காட்டுகள் எத்தனை சேர்ந்தாலும் நிரூபணம் ஆகா. மறுப்பதற்கோ ஒன்றே போதும்.

முதல் ஐந்துக்குப் பிறகு இவ்வரிசையில் வேறு பகா எண் எதுவும் இன்றுவரை அகப்படவில்லை. ஆகவே, இனி இல்லவே இல்லை என்று சொல்லிவிடலாமா? சற்றுப் பொறுங்கள். ஃபெர்மா செய்த பிழையும் அதுதானே!