குறுணல் சோறும் பன்றிச் சொப்ஸும்

நெல் குற்றி வந்ததும் அரிசியைச் சுளகில் புடைத்து, முழு அரிசியை ஒரு பக்கமாகவும் குறுணலை ஒரு பக்கமாகவும் ஒதுக்குவது நம் வீடுகளில் நாம் சிறுவயது முதல் கண்ட வேலை. முழு அரிசி சோற்றுக்கு, குறுணல் கஞ்சிக்கு; மிஞ்சினால் கோழிக்கு. விருந்தாளி வந்தால் குறுணல் பானையை மூடி வைப்போம். "குறுணல்தானே" என்று சொல்லும்போதே அதில் ஒரு வெட்கம் இருக்கும். இடம்பெயர்ந்து அலைந்த காலத்தில் அந்தக் குறுணல் கஞ்சிக்கே வரிசையில் நின்றவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதே குறுணலை ஒரு நகரத்தின் பெருமைக்குரிய உணவாக ஆக்கியவர்கள் வியட்நாமியப் பெண்கள். அந்தச் சோற்றுடன் தணலில் வாட்டிப் பரிமாறும் பன்றி இறைச்சிச் சொப்ஸை நம் வீட்டு அடுப்பில் செய்வது எப்படி என்பதையும், சீனர்கள் அதே இறைச்சியைப் பொரிக்கும் விதத்தையும் இம்மாதம் பார்ப்போம்.

வியட்நாமின் தெற்கே மீகொங் ஆற்றுக் கழிமுகம் முழுக்க நெல்வயல்தான். அங்கும் முழு அரிசி சந்தைக்குப் போனது, ஆலையில் உடைந்த குறுணல் உழவர் வீட்டில் தங்கியது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் கூலி வேலை தேடிச் சைகோனுக்கு (இன்றைய ஹோ சி மின் நகரம்) வந்தவர்களுக்கு, மலிவாகக் கிடைத்த குறுணலையே ஆவியில் வேகவைத்து நடைபாதையில் விற்றார்கள். அதன் பெயர் "கொம் தம்". கொம் என்றால் சோறு, தம் என்றால் உடைந்த அரிசி. பிறகு அதன்மேல் வாட்டிய இறைச்சித் துண்டு ஒன்று ஏறியது. வெங்காயத்தாள் எண்ணெயும், ஊறுகாயாகப் போட்ட கரட்டும், இனிப்பும் புளிப்பும் கலந்த மீன் சோஸும் கூடவே வந்தன. வியட்நாமில் சோற்றைக் கிண்ணத்தில் இட்டுக் குச்சியால் உண்பதுதான் வழக்கம். ஆனால் கொம் தம் மட்டும் தட்டில் வைத்து, கரண்டியாலும் முள்ளுக்கரண்டியாலும் உண்ணப்படுகிறது.

1975 இல் யுத்தம் முடிந்தது. தோற்ற தரப்பில் இருந்த ஆண்கள் பெருந்தொகையாக மறுகல்வி முகாம்களுக்குக் கொண்டு போகப்பட்டார்கள். சிலர் சில மாதங்களில் வந்தார்கள், சிலர் பத்தாண்டுகளுக்கு மேலும் வரவில்லை. அடுத்து வந்தது பங்கீட்டுக் காலம். அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. போதாததற்கு இறுங்கும் மரவள்ளியும் சேர்த்துச் சமைத்தார்கள். 1986 இல் அரசு பொருளாதாரக் கொள்கையை மாற்றும் வரை இதே நிலைதான். ஆண் துணையில்லாத வீடுகளில் பிள்ளைகளுக்குச் சோறு போட, கைவசம் இருந்த சமையலை நம்பித் தெருவோரம் அமர்ந்த பெண்கள் பலர். படகேறித் தப்பியவர்களும் இந்தச் சமையலைக் கொண்டுபோனார்கள். கலிபோர்னியாவின் வெஸ்ட்மின்ஸ்டர் நகரில் வியட்நாமியர் வாழும் தெருக்களில் இன்று கொம் தம் கடைகள் உண்டு. குறுணலுக்கு அங்கே தனி விலை. நம் கோழிகள் கேட்டால் சிரிக்கும்!

இனி அடுப்படிக்கு வருவோம்.

இறைச்சி வாங்கும்போதே பாதிக் காரியம் முடிந்துவிடுகிறது. முதுகுப் பக்கத்தில், எலும்போடு சேர்த்து ஒரு விரல் அகலத்துக்கும் குறைவான தடிப்பில் வெட்டித் தரச் சொல்லுங்கள். அரைக் கிலோவில் நான்கு அல்லது ஐந்து துண்டுகள் தேறும். தோள் பக்கம் கொழுப்புக் கூடியது. பார்வைக்கு அழகில்லாவிட்டாலும் வாட்டும்போது காயாது. நான் அதையே விரும்புகிறேன். ஓரத்துக் கொழுப்பை வெட்டி எறிய வேண்டாம். இரண்டு மூன்று இடத்தில் சிறிதாகக் கீறிவிட்டால் துண்டு சுருண்டு கொள்ளாது. பிறகு கத்தியின் முதுகால், அல்லது அம்மிக் குழவியால், இருபுறமும் மெதுவாகத் தட்டுங்கள். வியட்நாமியரும் சீனரும் இதில் ஒரே கட்சி. தட்டிய துண்டு அகலமாகும், மெதுமையாகும், ஒரு துண்டு இரண்டு பிள்ளைகளுக்குப் போதும்.

இரண்டு சேரைத் தண்டின் (எலுமிச்சைப் புல்) வெள்ளை அடிப்பகுதி, நான்கு பல்லு உள்ளி, ஐந்து சின்ன வெங்காயம் மூன்றையும் அம்மியில் நன்றாக அரைத்தெடுங்கள். அதனுடன் மீன் சோஸ் இரண்டு மேசைக்கரண்டி, சீனி ஒன்றரை மேசைக்கரண்டி, மிளகுதூள் ஒரு தேக்கரண்டி, எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி சேர்த்துப் பிசறுங்கள். வியட்நாமில் பலர் ஒரு கரண்டி ரின்பாலும் விடுகிறார்கள். கேட்க விசித்திரம்தான், ஆனால் நிறமும் பளபளப்பும் அதனால்தான் வருகிறது. குளிர்சாதனப்பெட்டி இருந்தால் இரவு முழுக்க ஊறட்டும். இல்லாவிட்டால் நம் வெக்கைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம்.

மீன் சோஸ் என்பது நெத்தலியையும் உப்பையும் ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் மரப்பீப்பாயில் அடுக்கி, ஒரு வருடம் வரை ஊறவிட்டு வடித்தெடுக்கும் சாறு. புக்குவொக் தீவில் வடிப்பது பெயர் போனது. 2012 இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பே கொடுத்தது. நம் ஊர்க் கடைகளில் போத்தலில் கிடைக்கிறது, ஆனால் எல்லா இடத்திலும் இல்லை, விலையும் ஏற்றம். கிடைக்காதவர்கள் ஒரு கைப்பிடி நெத்தலிக் கருவாட்டைக் கழுவி, ஒரு கோப்பைத் தண்ணீரில் கால் கோப்பையாக வற்றும்வரை கொதிக்கவிட்டு வடித்து, ஒரு கரண்டி சோயா சோஸ் சேர்த்துப் பாருங்கள். அதே சுவை என்று சொல்லமாட்டேன். கிட்ட வரும்.

வாட்டுவதற்குச் சிரட்டைக் கரியே திறம். சுவாலை அடங்கி, தணல் சாம்பல் பூத்த பிறகே கம்பித் தட்டை வையுங்கள். முதல்முறை நான் அவசரப்பட்டுச் சுவாலையிலேயே வைத்துவிட்டேன். சீனி கருகி, வெளியே கரியும் உள்ளே பச்சையுமாக வந்ததை நாய்தான் தின்றது. ஒரு பக்கம் நாலைந்து நிமிடம், மறுபக்கம் நாலைந்து நிமிடம், இடையிடையே மிஞ்சிய சாற்றை ஒரு சேரைத் தண்டின் நுனியை நசுக்கித் தூரிகைபோலப் பிடித்துத் தடவுங்கள். பச்சை இறைச்சி ஊறிய சாறு ஆகையால், கடைசி இரண்டு நிமிடத்தில் தடவக் கூடாது. எரிவாயு அடுப்பில் இரும்புத் தாச்சியில் மிதமான சூட்டில் வாட்டினாலும் நன்றாகவே வரும். புகை வாசம் மட்டும் இராது.

பன்றி இறைச்சியை அரைவேக்காட்டில் எடுக்கக் கூடாது. நாடாப்புழுவின் குடம்பிப் பைகள் இறைச்சிக்குள் இருக்கலாம். நன்றாக வெந்தால் அவை அழிந்துவிடும். எலும்போரம் கத்தியால் குத்தினால் வடியும் சாறு சிவப்பில்லாமல் தெளிவாக இருக்க வேண்டும். இன்னொன்று: 2018 இல் சீனாவிலும், 2019 இல் வியட்நாமிலும், 2024 இல் நம் நாட்டிலும் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பரவியது. அது பன்றிகளைக் கொல்லும் நோய், மனிதருக்குத் தொற்றாது. பன்றி வளர்த்துச் சீவியம் நடத்தும் சகோதரிகளுக்கோ அது பெரிய அடி. வெளியிடத்து இறைச்சிக் கழிவையும் கடைச்சாப்பாட்டு மிச்சத்தையும் பன்றிகளுக்குப் போடாதீர்கள். நோய் அந்த வழியாகவும் வருகிறது. இறைச்சியை எப்போதும் சுகாதாரப் பரிசோதகரின் மேற்பார்வையுள்ள கடையிலேயே வாங்குங்கள்.

குறுணலை இரண்டு தரம் கழுவி, கால் மணித்தியாலம் ஊறவைத்து, அரிசியின் அளவுக்கே தண்ணீர் விட்டு, மூடி, சிறுநெருப்பில் வேகவிடுங்கள். வழக்கமான கணக்கில் தண்ணீர் விட்டால் கஞ்சியாகிவிடும். நீத்துப்பெட்டியில் அவித்தால் இன்னும் உதிரியாக வரும்; சைகோனிலும் ஆவியில்தான் அவிக்கிறார்கள். வெங்காயத்தாளைப் பொடியாக அரிந்து, ஒரு சிட்டிகை உப்பிட்டு, கொதிக்கும் எண்ணெயை மேலே ஊற்றினால் "சர்" என்று ஒரு வாசம் எழும். அதை இறைச்சிமேலும் சோற்றின்மேலும் விடுங்கள். தொட்டுக்கொள்ள: மீன் சோஸ் இரண்டு மேசைக்கரண்டி, சீனி இரண்டு, வெந்நீர் நான்கு, தேசிக்காய்ச் சாறு ஒன்று, அதில் நறுக்கிய உள்ளியும் பச்சைமிளகாயும்.

சீனர்களின் விதம் வேறு. சீன எழுத்தில் "வீடு" என்பதற்கு ஒரு கூரையும் அதன் கீழே ஒரு பன்றியும் வரைவார்கள் என்றால், அந்த மிருகத்துக்கு அங்குள்ள இடம் விளங்கும். ஷங்காயில் வெள்ளைக்காரர் கொண்டுவந்த சொப்ஸைப் பாண் தூளில் புரட்டிப் பொரிப்பார்கள். பங்கீட்டுக் காலத்தில் பாண் தூள் கிடைக்காதபோது, அந்நகரப் பெண்கள் உப்பு பிஸ்கட்டைப் போத்தலால் உருட்டிப் பொடித்துப் புரட்டினார்கள். இன்றும் பழைய ஆட்கள் அந்தச் சுவையையே கேட்கிறார்களாம். நம் கிறீம் கிறாக்கருக்கும் அது பொருந்தும். செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

தெற்கே குவாங்டொங் பக்கத்தில் செய்வது உப்பு மிளகுச் சொப்ஸ். எனக்கு இதுவே கூடப் பிடிக்கும், செலவும் குறைவு. அரைக் கிலோ துண்டுகளில் சோயா சோஸ் ஒரு மேசைக்கரண்டி, சீனி அரைத் தேக்கரண்டி, இஞ்சி உள்ளி அரைத்தது ஒரு தேக்கரண்டி, அப்பச்சோடா கால் தேக்கரண்டி சேர்த்து அரை மணித்தியாலம் வையுங்கள். சோடா கூடினால் சவர்க்கார வாசம் வரும், கவனம். பிறகு ஒரு முட்டையை அடித்து விட்டு, சோளமா மூன்று மேசைக்கரண்டியில் புரட்டி, மிதமான சூட்டு எண்ணெயில் மூன்று நான்கு நிமிடம் பொரித்தெடுங்கள். எண்ணெயை நன்றாகக் காயவிட்டு இரண்டாந்தரம் ஒரு நிமிடம் போட்டெடுத்தால் மொறுமொறுப்பு நிற்கும். உப்பும் மிளகும் ஒவ்வொரு தேக்கரண்டி வெறுந் தாச்சியில் வறுத்து, கறுவா, கராம்பு, பெருஞ்சீரகப் பொடி ஒரு சிட்டிகை சேருங்கள். வேறு தாச்சியில் நறுக்கிய உள்ளி, பச்சைமிளகாய், வெங்காயத்தாள் வதக்கி, இறைச்சியைப் போட்டு, அந்த உப்பை வேண்டிய அளவு தூவி இரண்டு பிரட்டுப் பிரட்டி இறக்குங்கள்.

பன்றி உண்ணாத வீடுகளில் எலும்பு நீக்கிய கோழித்தொடை இரண்டு விதத்துக்கும் பொருந்தும். வாட்டும் நேரம் ஏறத்தாழ அதேதான். மதியச் சாப்பாட்டுப் பொதி விற்கும் சகோதரிகளுக்கு ஒரு சொல்: பொரித்த சொப்ஸைச் சூட்டோடு பொதிக்குள் வைத்தால் ஆவியில் நமுத்துவிடும், ஆறவிட்டு வையுங்கள். வாட்டியது அப்படியல்ல, வாழையிலையில் குறுணல் சோற்றின்மேல் வைத்துக் கட்டினால், திறக்கும்போது இறைச்சியின் சாறு சோற்றில் இறங்கியிருக்கும்.