முறிந்த எலும்பை ஒட்ட வைப்பது யார்?

ரத்தத்தில் உலவும் காவல்காரர்கள் செய்யும் அதிசய வேலை!

திருச்சி மன்னார்புரம் நால்ரோடு. எந்த நேரமும் பஸ்களும் லாரிகளும் ஓடிக்கொண்டே இருக்கும் இடம்.

அங்கே ஒரு வாலிபர் மோட்டார் சைக்கிளில் இருந்து விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கால் எலும்பு முறிந்து விட்டது. அவரைப் புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறார்கள். டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்பை நேராக்கி, மாவுக்கட்டு போடுகிறார். சில மாதங்களில் எலும்பு கூடி விடுகிறது. வாலிபர் நடக்கிறார்!

எலும்பை ஒட்ட வைத்தது யார்? டாக்டரா? மாவுக்கட்டா?

இரண்டும் இல்லை. டாக்டர் எலும்பை நேராக நிறுத்தினார். கட்டு அதை அசையாமல் பிடித்துக்கொண்டது. ஒட்ட வைத்தது வாலிபரின் உடம்புதான். அந்த வேலையைத் தொடங்கி வைப்பவை, ரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுக்கள்!

முள் சொன்ன ரகசியம்

வெள்ளை அணுக்கள் நோய்க் கிருமிகளோடு போராடுபவை. இதைக் கண்டறிந்தவர்களில் முக்கியமானவர் ரஷிய விஞ்ஞானி மெட்ச்னிகாப். 1882-ம் ஆண்டு இத்தாலியில் உள்ள மெசினா நகரில் அவர் தங்கி இருந்தார். நட்சத்திர மீனின் குஞ்சு உடம்பில் ஒரு ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால், முள்ளைச் சுற்றி அணுக்கள் கூட்டமாக வந்து வளைத்து நின்றன! இந்த ஆராய்ச்சிக்காக 1908-ம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

முறிந்த எலும்பிலும் இதே கதைதான் நடக்கிறது.

முதலில் துப்புரவு

எலும்பு முறிந்ததும் அந்த இடத்தில் ரத்தம் கசிந்து உறைகிறது. சில மணி நேரத்துக்குள் 'நியூட்ரோபில்' என்ற வெள்ளை அணுக்கள் ஓடி வருகின்றன. அடுத்து வருபவை 'மேக்ரோபேஜ்' அணுக்கள். இந்தப் பெயருக்குப் பெருந்தீனிக்காரன் என்று பொருள். செத்த அணுக்களையும் சிதைந்த துணுக்குகளையும் இவை விழுங்கி, இடத்தைச் சுத்தம் செய்கின்றன. வீக்கமும் சூடும் வருவது இதனால்தான்.

சுத்தம் முடிந்ததும் மேக்ரோபேஜ்கள் குணம் மாறுகின்றன. போர்வீரன் கொத்தனார்களை அழைக்கும் மேஸ்திரி ஆகிறான்! புதிய ரத்தக் குழாய்களையும், எலும்பு கட்டும் அணுக்களையும் வரச் சொல்லிச் சேதி அனுப்புகிறான். இரண்டு, மூன்று வாரங்களில் மெத்தென்ற குருத்தெலும்பு பாலம் போடப்படுகிறது. பிறகு அது கெட்டி எலும்பாக மாறுகிறது.

எலிகளிடம் மேக்ரோபேஜ்களை நீக்கி விட்டுச் சோதனை செய்தார்கள். எலும்பு சரியாகக் கூடவில்லை!

கடைசியில், அதிகப்படியாக வளர்ந்த எலும்பைச் செதுக்கிச் சீராக்க வேறு அணுக்கள் வருகின்றன. அவையும் மேக்ரோபேஜ்களின் பங்காளிகள்தான். இந்த வேலை மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் நடக்கும்.

செய்யக் கூடாதவை

உறைந்த ரத்தம்தான் இந்தக் கட்டிடத்துக்கு அஸ்திவாரம். ஆகவே முறிந்த இடத்தை எண்ணெய் போட்டு உருவி விடக் கூடாது. "வலி போய்விட்டதே" என்று கட்டை முன்கூட்டியே அவிழ்க்கக் கூடாது.

பீடி, சிகரெட் பிடித்தால் ரத்தக் குழாய்கள் சுருங்கும். எலும்பு கூடத் தாமதமாகும். சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு வெள்ளை அணுக்களின் வேலை கெடுகிறது. அவர்கள் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். வலி மாத்திரைகளை டாக்டரைக் கேட்காமல் நாள்கணக்கில் விழுங்கக் கூடாது.

மாவுக்கட்டோ, நாட்டுக் கட்டோ, எதுவானாலும் இறுக்கமாக இருந்தால் ஆபத்து! விரல் நீலம் பாய்ந்தாலும், மரத்துப் போனாலும், சில்லிட்டாலும், வலி பொறுக்க முடியாமல் போனாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். தாமதித்தால் காலையே இழக்க நேரிடும்.

இன்னொரு விந்தையையும் கேளுங்கள். இந்த வெள்ளை அணுக்கள் பிறப்பது எங்கே தெரியுமா? எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில்தான்! பெற்ற தாய் விழுந்தால் பிள்ளைகள் ஓடி வந்து தூக்குவது போல, எலும்பு முறிந்தால் அது பெற்ற அணுக்களே ஓடி வருகின்றன. அவை வேலை செய்ய வழிவிட்டுப் பொறுமையாக இருப்பதுதான் நம் கடமை.