பிக்கரல் பிடிக்கப் போறீங்களா? தூண்டில் வாங்கும் முன் காலண்டரைப் பாருங்க!

மே மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், வடக்குப் பக்கத்துப் பல ஏரிகளில் பிக்கரல் மீன் பிடிக்கத் தடை நீங்கும் நாள் இது. பெரும்பாலும் விக்டோரியா தின நீண்ட வாரஇறுதியோடு சேர்ந்தே வந்துவிடும். டொரன்டோவிலிருந்து வடக்கே போகும் சாலையில் அன்று படகை இழுத்துக்கொண்டு வரிசையாக வண்டிகள் போகும். அந்த வரிசையில், ஐஸ்பெட்டிக்குப் பக்கத்தில் மிளகாய்த்தூள் டப்பா வைத்திருக்கும் நம்மவர்களும் உண்டு.

முதல்முறை போகிறவர்கள் பலரும் நிபிசிங் ஏரியைத்தான் யோசிக்கிறார்கள். சுமார் 350 கி.மீ., நான்கு மணி நேரம் வண்டி ஓட்டினால் நார்த் பே ஊரும் ஏரியும் வந்துவிடும். பெரிய ஏரி, ஆனால் சராசரி ஆழம் ஐந்து மீட்டர்கூட இல்லை. அந்த ஆழக்குறைவுதான் ஆபத்தும். காற்று கொஞ்சம் எழுந்தாலே அலை குத்துக்குத்தாக வந்து சின்னப் படகைப் புரட்டிப் போடும். குழந்தைகளோடு போகிறவர்கள் அங்கிருந்து கிளம்பும் பிரெஞ்சு ஆற்றின் ஒதுக்குப்புறங்களைப் பார்க்கலாம் என்பது என் யோசனை.

லைசென்ஸ் யாருக்கு?

ஒன்டாரியோவில் வசிப்பவர்களில் 18 முதல் 64 வயது வரை உள்ளவர்களுக்கு மீன்பிடி லைசென்ஸ் கட்டாயம். அதோடு, மூன்று வருடம் செல்லும் 'அவுட்டோர்ஸ் கார்டு' ஒன்றும் வேண்டும். ஒரே ஒரு நாள் பிடித்துப் பார்க்கலாம் என்றால், கார்டு இல்லாமலேயே ஒருநாள் லைசென்ஸ் கிடைக்கும். லைசென்ஸில் இரண்டு வகை. 'ஸ்போர்ட்' எடுத்தால் பல மண்டலங்களில் நாளுக்கு 4 பிக்கரல், விலை குறைந்த 'கன்சர்வேஷன்' எடுத்தால் 2. நிபிசிங்குக்கு இதைவிடக் கடுமையான தனி வரம்பு உண்டு. மாகாணம் 20 மீன்வள மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், தேதியும் அளவும் ஏரிக்கு ஏரி மாறும். போகிற ஏரியின் பெயரைப் போட்டு அரசு விதிப் புத்தகத்தைப் பார்த்துவிடுங்கள்.

செலவில்லாத வழியும் இருக்கிறது. அன்னையர் தினம், தந்தையர் தினம் வரும் வாரஇறுதிகளில் கனடாவில் வசிப்பவர்கள் லைசென்ஸ் இல்லாமலேயே தூண்டில் போடலாம். ஆனால், அன்னையர் தினத்தன்று வடக்கே பிக்கரல் தடை இன்னும் நீங்கியிருக்காது. முட்டையிட்ட மீன்கள் மெலிந்து திரும்பும் சமயம் அது.

தண்ணீர் விளையாட்டல்ல

வெயிலைப் பார்த்து ஏமாறக் கூடாத மாதம் மே. பனிக்கட்டி உருகி சில வாரமே ஆன ஏரி அது. விழுந்தால் என்ன ஆகும் என்பதை அங்கே 1-10-1 என்று சொல்லித் தருகிறார்கள். மூச்சுத்திணறல் அடங்க 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம், நினைவு தப்ப சுமார் 1 மணி நேரம். அதாவது, ஊர்க் கிணற்றில் நீச்சல் கற்றவரானாலும் பத்து நிமிடத்துக்குப் பிறகு அந்த நீச்சல் உதவாது. லைஃப் ஜாக்கெட் மட்டுமே முகத்தை மேலே வைத்திருக்கும். படகில் ஒவ்வொருவருக்கும் ஒன்று இருக்க வேண்டும் என்பது சட்டம். அதை இருக்கைக்கு அடியில் போட்டுவிட்டு செல்ஃபி எடுக்கும் குடும்பங்களைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. கரையிலேயே மாட்டி, கொக்கியைப் போட்டுவிட்டு ஏறுங்கள். தாத்தா, பாட்டிக்கும் சேர்த்துத்தான்.

மோட்டார் படகு ஓட்ட தனி அட்டை வேண்டும். வாடகைப் படகென்றால், கடைக்காரர் பாதுகாப்பு விவரங்களைச் சொல்லி, கையெழுத்து வாங்கும் படிவமே போதும்.

பிக்கரலின் கண்ணுக்குள் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு. மங்கலான வெளிச்சத்தில் இரை அதற்கு நன்றாகத் தெரியும். அதனால் விடியலும் அந்தியும்தான் சரியான நேரம். நடுப்பகலில் குழந்தைகளைப் படகில் காயவிட வேண்டாம். நார்தர்ன் பைக் (வண்டி இல்லை, மீன்தான்) மாட்டினால் பல்லில் விரல் வைக்காதீர்கள். நைலான் நரம்பையே கடித்துத் துண்டாக்கும், முள்ளுக்கு மேலே கம்பி வேண்டும். ஆளுக்கு ஒரு தூண்டில்தான், கையில் ஒன்று, கரையில் ஒன்று என்பதெல்லாம் கூடாது.

இரை மீனை டொரன்டோவில் வாங்கி எடுத்துப் போகும் யோசனையும் வேண்டாம். இரைக்கென்று வகுத்த மண்டலத்தைத் தாண்டி அதைக் கொண்டுபோகத் தடை இருக்கிறது. போகும் ஊரில் வாங்கி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். மிச்சத்தை ஏரியில் கொட்டக் கூடாது.

குழம்புத் துண்டு, கொஞ்சம் பொறுங்க

நம்மவர்கள் மாட்டிக்கொள்ளக்கூடிய இடம் இதுதான். பிடித்த கையோடு தோலை உரித்து, குழம்புக்கு வெட்டி, பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. சோதனைக்கு வரும் அதிகாரி அது என்ன மீன், எத்தனை மீன் என்று எண்ண முடிய வேண்டும். நீள வரம்புள்ள ஏரியில் அளக்கவும் முடிய வேண்டும். முழு மீனாக ஐஸில் வைத்துக் கொண்டுவருவதே நிம்மதி. அங்கேயே சமைத்துச் சாப்பிடுவதென்றால் கவலையில்லை. குடலையும் செதிலையும் மட்டும் கூடாரத்துக்குப் பக்கத்தில் போடாதீர்கள், கரடி வரும்.

'இவ்ளோ பெரிசு!' என்று படம் எடுத்த மீனை விட்டுவிடுவதே நல்லது. சின்ன மீன்களைத் தின்று வளரும் பிக்கரல், பைக் போன்றவற்றில் வயது ஏற ஏறப் பாதரசம் சேர்கிறது. வறுத்தாலும் கொதிக்கவைத்தாலும் போகாது. எந்த ஏரியில், எந்த நீளமுள்ள மீனை, மாதம் எத்தனை வேளை சாப்பிடலாம் என்று ஒன்டாரியோ அரசு தனிக் கையேடே போட்டிருக்கிறது. அதில் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும், குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கும் அளவு தனியாகக் குறைத்துத் தரப்பட்டிருக்கும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால், மீன் சட்டிக்குப் போகும் முன் அந்தக் கையேட்டைத் திறந்து பாருங்கள்.

மே நடுவிலிருந்து ஜூன் வரை கறுப்பு ஈக்கள் காதோரமும் கழுத்திலும் கடித்து ரத்தம் எடுக்கும். முழுக்கை சட்டை, தொப்பி, பூச்சி விரட்டி மூன்றும் வேண்டும். அது தாங்காது என்பவர்கள், பள்ளி விடுமுறை விட்டதும் ஜூலையில் போகலாம். ஜூலையிலும் லைசென்ஸ் இல்லாமல் பிடிக்க ஒரு வாரம் உண்டு.