படச்சட்ட மெருகும் பனியன் கழிவுத்துணியும்: திருப்பூர்ச் சூழலில் ஒரு தொழில்நுட்ப விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

மரப் படச்சட்டங்களுக்கு அரக்கு, எண்ணெய், வார்னிஷ் ஆகிய மேற்பூச்சுகளை இடும் பணியில் மரமும் பூச்சும் பேசப்படும் அளவிற்கு, பூசவும் துடைக்கவும் பயன்படும் துணி பேசப்படுவதில்லை. அத்துணி பெரும்பாலும் பின்னலாடைத் தொழிலின் வெட்டுக்கழிவாகும். அதன் பின்னலமைப்பும், ஆலையில் அதற்கு ஏற்றப்பட்ட மென்மையூட்டியும், எண்ணெயில் நனைந்தபின் அது வெப்பமுறும் தன்மையும் மெருகின் தரத்தையும் பட்டறையின் பாதுகாப்பையும் எவ்வாறு பாதிக்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: படச்சட்டம், மெருகு, அரக்கு, ஆளிவிதை எண்ணெய், பனியன் வேஸ்ட், சிலிக்கோன், தானே தீப்பற்றுதல்.

முன்னுரை

1894ஆம் ஆண்டில் இரவிவர்மா பம்பாயில் தொடங்கிய அச்சகமும், பின்னர்க் கோவில்பட்டி கொண்டையராஜு போன்ற ஓவியர்களின் நாட்காட்டிப் படங்களும் தெய்வ உருவங்களை எளியோர் வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தன. தாளில் அச்சான படத்திற்குக் கண்ணாடியும், கண்ணாடிக்குச் சட்டமும் தேவைப்பட்டன. திருப்பூர்ப் பகுதியின் பின்னலாடைக் கூடங்களிலும் ஆயுத பூசையன்று மாலை சூடும் தெய்வப் படங்களும், 1932இல் உயிர் நீத்த கொடிகாத்த குமரனின் படமும் இத்தகைய சட்டங்களுக்குள்ளேயே இருக்கின்றன. இன்று பிரேம் கடைகளில் விற்பனையாகும் சட்டங்களில் பல, மெருகேற்றப்பட்டே வரும் செயற்கைப் பட்டைகள். அவற்றை வெட்டி இணைத்தால் போதும். ஆயினும் தேக்குச் சட்டங்களும், தஞ்சாவூர் ஓவியங்களுக்கான செதுக்கு வேலைப்பாடுடைய சட்டங்களும் கையாலேயே மெருகேற்றப்படுகின்றன. இக்கட்டுரை அவற்றையே கருதுகிறது.

கலைச்சொல் தொகுதிகள் ‘மெருகெண்ணெய்’ என்று குறிப்பதைப் பட்டறையில் ‘வார்னிஷ்’ என்றும், மெருகேற்றுதலைப் ‘பாலிஷ் போடுதல்’ என்றும் வழங்குகின்றனர். ‘வேஸ்ட்’ என்ற சொல் இன்னும் சுவையானது. திருப்பூரில் அது விற்பனைக்குரிய சரக்கு. தச்சுப் பட்டறையிலும் இயந்திரப் பழுதுநீக்கும் கடையிலும் அது துடைக்கும் துணி. இரண்டும் ஒரே பொருளே.

சட்டத்தின் மேற்பரப்பு

பலகைக்கு மெருகேற்றுவதினும் சட்டத்திற்கு மெருகேற்றுவது கடினமானது. நான்கு மூலைகளிலும் மரப்பட்டைகள் 45 பாகைச் சாய்வில் வெட்டி இணைக்கப்படுவதால், நாரோட்டம் ஒவ்வொரு மூலையிலும் செங்கோணமாகத் திரும்புகிறது. ஒரு பட்டையின் நாரோட்டத்தில் உப்புத்தாளை இழுப்பவர், மூலையைத் தாண்டிவிட்டால் அடுத்த பட்டையில் குறுக்குக் கீறல்களை உண்டாக்கிவிடுவார். கீறல் அப்போது கண்ணுக்குத் தெரியாது. நிறமேற்றியதும் கருங்கோடாகத் தெரியும். வெட்டுமுகத்தில் மரத்தின் நுண்குழாய்கள் திறந்திருப்பதால் அவ்விடம் நிறத்தை மிகுதியாக உறிஞ்சிக் கருத்துப்போகும். ஆகவே 120, 180, 220 எனப் படிப்படியாக நுண்ணிய தாளுக்குச் சென்று, நிறமேற்றும் முன் மூலைகளில் நீர்த்த அரக்குக் கரைசலை ஒருமுறை பூசிக்கொள்வது நல்ல முறையாகும்.

அரக்கு என்பது ஒருவகைச் செதிற்பூச்சி மரக்கிளைகளில் சுரக்கும் பிசின். இந்தியாவில் அதன் விளைச்சல் மிகுந்த பகுதி ஜார்க்கண்ட். அங்கு ராஞ்சிக்கு அருகிலுள்ள நாம்கும் என்னுமிடத்தில் 1924ஆம் ஆண்டிலேயே அரக்கு ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. ஒரு லிட்டர் ஸ்பிரிட்டில் ஏறத்தாழ 150 முதல் 200 கிராம் வரை அரக்குச் செதிலைக் கரைத்தால் பூசுவதற்கேற்ற கரைசல் கிடைக்கும். ஸ்பிரிட் ஆவியாக, அரக்கு படலமாக நிற்கிறது. இங்கு வேதிமாற்றம் ஏதும் தேவைப்படாமையால், உலர்ந்த படலம் மீண்டும் ஸ்பிரிட்டில் கரையும். இப்பண்பே அதன் வலிமையும் குறையும் ஆகும். புதிய பூச்சு பழைய பூச்சோடு கரைந்து ஒன்றாகும். பூசும் கை நடுவில் நின்றுவிட்டால் துணி ஒட்டிக்கொண்டு அடிப்படலத்தையும் பிடுங்கிவிடும். ஆதலால் தேர்ந்தவர் துணிப்பொதியை ஓடும் நிலையிலேயே மரத்தில் வைத்து, ஓடும் நிலையிலேயே எடுப்பர். செதுக்கு வேலையுள்ள சட்டத்தில் பொதி பள்ளங்களை எட்டாது. அங்குத் தூரிகைதான் பயன்படும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அரக்குப் படலம் பால்போல் வெளுப்பதுண்டு. ஸ்பிரிட் விரைந்து ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. காற்றின் ஈரம் அதன்மீது படிந்து படலத்துள் சிக்குகிறது. மழை நாளில் பணியை நண்பகலுக்குத் தள்ளிவைப்பதே எளிய தீர்வு.

துணிப்பொதியும் பின்னலும்

பொதி என்பது உள்ளே பஞ்சும் வெளியே மெல்லிய பருத்தித் துணியும் கொண்டது. பஞ்சு கரைசலைத் தேக்கிவைக்க, வெளித்துணி அதனைச் சீராகக் கசியவிடுகிறது. நெய்த துணியைவிடப் பின்னல் துணி பட்டையின் வளைவுகளுக்கு நன்கு வளைந்துகொடுக்கும். கண்ணிகளால் ஆனதால் நீட்சியும் உறிஞ்சுதிறனும் மிக்கது. எனினும் எல்லாப் பின்னலும் ஒன்றன்று. சிங்கிள் ஜெர்சி வெட்டப்பட்ட ஓரங்களில் சுருண்டுகொள்ளும். வெட்டுவாயிலிருந்து நார்த்துகள் உதிர்ந்து ஈரப்பூச்சில் ஒட்டும். இன்டர்லாக் இருபுறமும் ஒன்றுபோல் அமைந்து, சுருளாது கிடக்கும். இரண்டும் கிடைக்குமிடத்தில் பின்னதையே தேர்வது தகும். அதன் ஓரங்களைப் பொதியின் உள்ளே மடித்துவிட வேண்டும்.

பாலியெஸ்டர் கலந்த துணி கரைசலை உறிஞ்சாது. அதன் சாயம் தின்னரில் கரைந்து சட்டத்தில் ஏறவும் கூடும். ஒரு நூலை எரித்துப் பார்த்தால் பருத்தி தாள் எரியும் மணத்துடன் சாம்பலாகும்; பாலியெஸ்டர் உருகிக் கடினமான மணியாகும். இச்சோதனையைத் திருப்பூரில் துணியோடு பழகிய எவரும் அறிவர்.

மென்மையூட்டியால் விளையும் குறை

இனிக் கூறப்போவது பின்னலாடைத் துறையினருக்கும் மரவேலையாளருக்கும் தனித்தனியே தெரிந்தது. இருவரும் சேர்ந்து பேசாமையால் விளக்கப்படாமல் நிற்பது. சாயமேற்றிய பின்னல் துணிக்குக் கைக்கு இதமான தன்மை தருவதற்காக இறுதிக் கட்டத்தில் மென்மையூட்டி ஏற்றப்படுகிறது. அமினோ சிலிக்கோன் அவ்வகையில் பெரிதும் பயன்படுவது. அத்துணியின் வெட்டுக்கழிவே துடைக்கும் துணியாகப் பட்டறைக்கு வருகிறது. அதனால் சட்டத்தைத் துடைக்கும்போது கண்ணுக்குப் புலப்படாத அளவில் சிலிக்கோன் மரத்தில் படிகிறது.

சிலிக்கோனின் பரப்பு இழுவிசை மிகக் குறைவு. அதனினும் மிகுந்த பரப்பு இழுவிசையுடைய வார்னிஷ், சிலிக்கோன் படிந்த புள்ளியை நனைக்க இயலாமல் விலகிச் சுற்றிலும் வரம்புகட்டி நிற்கும். உலர்ந்த சட்டத்தில் இவ்விடங்கள் வட்டவட்டமான சிறு குழிகளாகக் காணப்படும். மரவேலையாளர் இதனை ‘மீன்கண்’ என்பர். பழியை வார்னிஷ் மீதோ மரத்தின் எண்ணெய்ப் பசை மீதோ போட்டுவிட்டு, சட்டத்தைத் தேய்த்து அதே துணியால் மீண்டும் துடைப்பவர் குறையைப் பரப்பவே செய்கிறார்.

நீர்த்துளிச் சோதனையை நம்பலாமா? துணிமீது ஒரு சொட்டு நீர் விட்டால், மென்மையூட்டி ஏறாத வெளுத்த பருத்தி உடனே உறிஞ்சும். சிலிக்கோன் ஏறியதில் சொட்டு சிறிது நேரம் நிற்கும். ஆனால் நீரை உறிஞ்சும் வகைச் சிலிக்கோன்களும் வழக்கில் உள்ளமையால், சோதனையில் தேறிய துணி குற்றமற்றது எனக் கொள்ள இயலாது. வெளுக்காத துணியோ பருத்தியின் இயற்கை மெழுகாலும் பின்னல் ஊசிகளுக்கு இடும் எண்ணெயாலும் நீரை ஏற்காது. எனவே நேர்ச்சோதனையே மேலானது: சுத்தமான கண்ணாடித் துண்டை ஸ்பிரிட் தோய்த்த அத்துணியால் துடைத்து, மேலே வார்னிஷ் பூசிப் பார்க்க வேண்டும். குழி விழுந்தால் துணியை ஒதுக்கிவிடலாம். கண்ணாடிக்குப் பஞ்சம் இல்லாத பிரேம் கடையில் இதற்குச் செலவே இல்லை. ஏற்கெனவே மாசுபட்ட சட்டத்திற்கு, மெழுகு நீக்கிய அரக்கை இடைப்படலமாகப் பூசி அதன்மேல் வார்னிஷ் இடுவது கைகண்ட முறை. மென்மையூட்டி ஏற்றாத வெள்ளை வெட்டுக்கழிவைத் தனியே பிரித்துக் கேட்டு வாங்குவது இதனினும் எளிது.

எண்ணெய்த்துணியும் தீயும்

1991 பிப்ரவரி 23ஆம் நாள் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், 38 மாடிகள் கொண்ட ஒன் மெரிடியன் பிளாசா என்னும் கட்டடத்தின் 22ஆம் தளத்தில் தீ மூண்டது. மரப்பலகைகளை மெருகேற்றியோர் விட்டுச்சென்ற, ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளே அதற்குக் காரணம். அங்கு மூன்று தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தனர். தீ மேலேறி, தானியங்கி நீர்த்தெளிப்பான்கள் இருந்த 30ஆம் தளத்திலேயே தடைப்பட்டது. யாரும் தீக்குச்சி கிழிக்கவில்லை.

ஆளிவிதை எண்ணெய் ஸ்பிரிட்டைப் போல ஆவியாகி உலர்வதன்று. அதன் கொழுப்பமிலங்களில் ஏறத்தாழப் பாதியும் அதற்கு மேலும் லினோலெனிக் அமிலம். அது காற்றின் ஆக்சிஜனோடு வினைபுரிந்து இறுகுகிறது. அவ்வினை வெப்பத்தை வெளிவிடும். சட்டத்தின் மீது மெல்லிய படலமாக இருக்கும்போது வெப்பம் காற்றில் கலந்துவிடும். அதே எண்ணெய் சுருட்டிய பருத்தித் துணியில் இருந்தால், நார்களின் பரந்த மேற்பரப்பில் ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கிறது. வெப்பமோ வெளியேற வழியின்றித் தேங்குகிறது. வெப்பம் கூடக்கூட வினை விரைவுபெற்று, சில மணி நேரத்தில் துணி புகையத் தொடங்கலாம். தேங்காயெண்ணெயில் பூரிதமடையாத அமிலங்கள் மிகச் சிலவே. விளக்கெண்ணெயும் உலராத வகை. சமையலறைத் துணிகளோடு பழகிய அனுபவம் இங்கே வழிகாட்டாமல் போவது இதனாலேயே. அரக்கும் ஸ்பிரிட்டும் தோய்ந்த துணி எளிதில் தீப்பிடிக்கக் கூடியதெனினும் தானே வெப்பமுறுவதில்லை. எண்ணெய் அடிப்படையிலான வார்னிஷும் நிறமூட்டிகளும் ஆளிவிதை எண்ணெயின் இனத்தைச் சார்ந்தவை.

திருப்பூர் வட்டாரத்தில் இவ்வாபத்துக்குத் தனி முகம் உண்டு. பட்டறைக்கு அடுத்த கட்டடம் பஞ்சோ நூலோ வெட்டுத்துணியோ குவித்த கிடங்காக இருக்கக்கூடும். பயன்படுத்திய துணி மாலையில் அதே மூட்டையில் திணிக்கப்படவும் கூடும். செய்ய வேண்டியது சிறிதே. எண்ணெய் தோய்ந்த ஒவ்வொரு துணியையும் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்று படாமல், கட்டடத்திற்கு வெளியே கொடியில் விரித்து அது விறைத்து இறுகும்வரை உலரவிட வேண்டும். அதற்கு இடமில்லாதவர், நீர் நிரப்பிய மூடியுள்ள இரும்பு வாளியில் முழுவதும் அமிழ்த்தி வைக்கலாம். இறுகிய துணியில் வினை முடிந்துவிட்டமையால் அதனைப் பிற கழிவோடு அப்புறப்படுத்தலாம். வாளித் துணியை நீரோடு மூடிய கலத்திலேயே அப்புறப்படுத்த வேண்டும், பிழிந்து குவித்துவிடக் கூடாது.