தோட்டத்துக்கும் ஒரு தவணை நோட்டு

ஆடிப் பட்டம் வந்தாலே விதைப்பு, களை, மாடு, கரைசல் எல்லாம் ஒரே நாளில் தலைமேல் நிற்கும். இந்த மலைப்பில்தான் புதியவர்கள் பலர் சோர்ந்துபோகிறார்கள். வங்கியில் தவணைத் தேதிகளுக்கென்று டைரி இருக்கும். பூந்தமல்லி பக்கம் என் தோட்டத்திலும் அதே முறைதான்: ஒரு நோட்டு, மூன்று பகுதி.

1. கெடு உள்ளவை: ஜீவாமிர்தம் கலக்கினால் 48 மணி நேரத்தில் தயார், ஒரு வாரத்துக்குள் பாய்ச்சிடணும். மூன்று தேதியையும் கலக்கும் அன்றே எழுதிடுங்க.

2. மழையைப் பொறுத்தவை: ஐப்பசி அடைமழைக்கு முன் வடிகால் வெட்டுவது.

3. எப்போதும் செய்யலாம்: வேலி, கொட்டகை.

காலையில் மூன்றே வேலை எடுங்க, கெடு உள்ளதை முதலில். மிச்சம் நோட்டில் இருக்கட்டும், மனசில் வேண்டாம். மூன்று மாதமா நகராத வேலையை அடிச்சிடுங்க. அது இல்லாமலே தோட்டம் நடக்குது.