ஓடும் வண்டிக்கு நிற்கும் வேலை

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய அப்பா வைத்திருந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் இன்னும் ஓடும் நிலையில் வீட்டில் நிற்கிறது. கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ ஷூட்டுக்கு உள்ளூர் ஸ்டுடியோக்காரர் ஒருவர் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார். அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு ஒரு சினிமாக் கம்பெனியும் இப்போது வண்டியைக் கேட்கிறது. "ஒரு கீறல்கூட விழாமல் திருப்பித் தருவோம் என்கிறார்கள். நம்பிக் கொடுக்கலாமா?" என்பது அவருடைய கேள்வி.

கொடுக்கலாம். ஆனால் அவர் பயப்பட வேண்டியது கீறலுக்கு இல்லை. கீறலைப் பெயின்டர் பார்த்துக்கொள்வார். படப்பிடிப்பில் பழைய கார் படும் பாடு வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஹெரால்டு என்றாலே எனக்குக் கொஞ்சம் ஓரவஞ்சனை உண்டு. அம்பாசடர் கல்கத்தா பக்கத்து உத்தரபாராவில் பிறந்தது, ஃபியட் பம்பாயில். ஹெரால்டு நம்ம ஊர்க்காரி. 1961-லிருந்து பத்தாண்டுகள் வண்டலூர் பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து வந்துகொண்டிருந்தாள். உருவம் கொடுத்தவர் ஜியோவானி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். இந்த வண்டியில் பானெட் மட்டும் தனியாகத் திறக்காது. இரண்டு பக்க மட்கார்டும் ஹெட்லைட்டும் சேர்ந்து மூக்கு மொத்தமும் முன்பக்கமாகக் கவிழும். முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு மெக்கானிக் வேலை பார்க்கலாம். போட்டோக்காரர்களுக்கு இந்தக் காட்சி ஒன்று போதும்.

இனி படப்பிடிப்புக்கு வருவோம். கார் வருகிற காட்சி என்றால் என்ன நடக்கும்? வண்டி ஐம்பதடி வரும், நிற்கும். ரிவர்ஸில் பழைய இடத்துக்குப் போகும். லைட் மாற்றுவார்கள், எஞ்சினை அணைப்பார்கள். பத்து நிமிஷம் கழித்து மறுபடி ஸ்டார்ட், மறுபடி ஐம்பதடி. நாள் முழுக்க இதே கதை. மாலையில் மீட்டரைப் பார்த்தால் இரண்டு கிலோமீட்டர்கூட ஏறியிருக்காது. 'வண்டி ஓடவே இல்லையே, தேய்மானம் ஏது?' என்பார் புரொடக்‌ஷன் மேனேஜர். அந்த வண்டிக்குத் திருச்சிக்கும் சென்னைக்கும் போய் வருவது இதைவிடச் சுலபமான வேலை.

காரணம் காற்று. இந்தக் கார்களில் ரேடியேட்டருக்குப் பின்னால் உள்ள விசிறியை எஞ்சினே பெல்ட் மூலம் சுற்றுகிறது. எஞ்சின் மெதுவாக ஓடினால் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும். மீதிக் குளிர்ச்சியை, வண்டி போகும்போது முகத்தில் மோதும் காற்று கொடுக்க வேண்டும். ஐம்பதடி போய் நிற்கிற வண்டிக்கு அந்தக் காற்று கிடையாது.

இதைவிட வினோதம் எஞ்சினை அணைத்த பிறகு நடக்கிறது. அணைத்ததும் ஆறத் தொடங்கும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். முதல் சில நிமிஷங்கள் பானெட்டுக்கு அடியில் சூடு ஏறும். என் அம்மா வெண்கலப் பானையில் பொங்கல் வைத்தால், பதம் வருவதற்குச் சற்று முன்பே அடுப்பை அணைத்துவிடுவார். மிச்ச வேகாட்டைப் பானையின் சூடே பார்த்துக்கொள்ளும். எஞ்சினிலும் அதே சங்கதிதான். அணைத்த கணத்தில் விசிறி நிற்கிறது, தண்ணீர்ச் சுழற்சியும் நிற்கிறது. இரும்புக்குள் சேர்ந்திருந்த சூடு எங்கே போகும்? மெல்ல வெளியே வந்து பக்கத்தில் இருப்பதையெல்லாம் தாக்கும். பக்கத்தில் இருப்பது கார்புரேட்டரும் பெட்ரோல் பம்பும்.

அம்பாசடரின் பழைய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினிலும் ஹெரால்டிலும் புகை போகும் மேனிஃபோல்டும் கார்புரேட்டரும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. புகைக்குழாய் கொதிக்கும், அதன் தலைமாட்டில் பெட்ரோல் கிண்ணம். இங்கிலாந்துக் குளிருக்கு அது சௌகரியமான ஏற்பாடு. சித்திரை வெயிலுக்கு அல்ல.

பெட்ரோல் என்பது ஒரே திரவமும் இல்லை. பல திரவங்களின் கலவை. அதில் லேசானவை நாற்பது டிகிரிக்கு முன்னும் பின்னுமே கொதிக்கத் தொடங்கிவிடும். இன்றைய கார்களில் பம்ப் டேங்குக்குள்ளேயே மூழ்கி இருந்துகொண்டு, காற்றழுத்தத்தைப்போல் சுமார் மூன்று மடங்கு அழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ளுகிறது. அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும். அதனால் சங்கடம் இல்லை. பழைய கார்களில் பம்ப் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டு, பின்னால் இருக்கும் டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சுகிறது. உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைவு, கொதிநிலையும் குறைவு. சூடான குழாயில் பெட்ரோல் ஆவியாகிவிட்டால் பம்பின் சவ்வு அந்த ஆவியை அமுக்கும், விடும், அமுக்கும், விடும். ஒரு சொட்டு நகராது. இதுதான் வேப்பர் லாக்.

இதற்கு எதிரான கோளாறு ஒன்றும் உண்டு. கார்புரேட்டர் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் கொதித்துப் பொங்கி, எஞ்சினுக்குள் தானாகவே வழிந்துவிடும். முதல் கோளாறில் எஞ்சினுக்குப் பட்டினி, இரண்டாவதில் அஜீரணம். இரண்டிலும் வெளியே தெரிவது ஒன்றுதான்: செல்ஃப் அடித்தால் எஞ்சின் சுற்றும், பிடிக்காது.

செட்டிநாட்டில் ஒரு படப்பிடிப்பில் இதை நேரில் பார்த்தேன். பங்குனி வெயில், பெரிய வீட்டு வாசல், கறுப்பு அம்பாசடர். ஹீரோ ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். வண்டி கிளம்பவில்லை. ஆக்சிலரேட்டரை மிதி மிதி என்று மிதித்தார்.

"அண்ணே, பேட்டரி போயிடுச்சாண்ணே?" என்று உதவி இயக்குநர் ஓடி வந்தார்.

வண்டியோடு வந்திருந்த மெக்கானிக்குக்கு அறுபது வயதிருக்கும். "பேட்டரி நல்லாத்தான் இருக்கு தம்பி. சாரை மிதிக்க வேணாம்னு சொல்லுங்க" என்றார். பானெட்டைத் திறந்து முகர்ந்து பார்த்தார். பெட்ரோல் வாடை தூக்கலாக இருந்தது. உள்ளே போய் உட்கார்ந்தார். ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்தி, அப்படியே பிடித்துக்கொண்டு, செல்ஃப் அடித்தார். சில சுற்றுக்குப் பிறகு கறுப்பாகப் புகை கக்கிக்கொண்டு எஞ்சின் பிடித்தது.

அவர் செய்தது அஜீரணத்துக்கான வைத்தியம். பெடலை முழுக்க அழுத்திப் பிடித்தால் காற்று வாசல் முழுதாகத் திறந்து, மிகையாக நிற்கும் பெட்ரோலை வெளியேற்றும். மிதித்து மிதித்து விட்டால் ஒவ்வொரு மிதிக்கும் கார்புரேட்டர் இன்னும் கொஞ்சம் பெட்ரோலைப் பீய்ச்சும். பட்டினிக்கு வைத்தியம் வேறு: பம்பின் மேலும் குழாயின் மேலும் ஈரத்துணி சுற்றிக் காத்திருப்பது. சில பம்புகளில் பக்கவாட்டில் ஒரு சின்ன நெம்பு இருக்கும். அதைக் கையால் ஆட்டிப் பெட்ரோலை ஏற்றலாம். மோரிஸ் மைனர் போன்ற வண்டிகளில் இருக்கும் எஸ்.யூ. மின்பம்ப் தன் நோயைத் தானே சொல்லும். கார்புரேட்டர் நிரம்பியதும் அதன் 'டக் டக்' ஓய வேண்டும். ஓயாமல் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தால் அது ஆவியைத்தான் இறைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அந்த மெக்கானிக் அன்று முழுக்கச் செய்த வேலை எளியது. "கட்" என்ற சத்தம் கேட்டதும் போய் பானெட்டைத் திறந்து வைப்பார். "ரெடி" என்றதும் மூடுவார். இந்த ஒரு காரியத்துக்காகவே வண்டியோடு ஆள் போக வேண்டும்.

போதாக்குறைக்கு இப்போது நம் பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது ஈரத்தை இழுக்கும். எத்தனாலுக்குத் தயாரில்லாத பழைய ரப்பர் குழாய்களையும் பம்புச் சவ்வுகளையும் ஊறவைத்துக் கெடுக்கும். கசியும் பெட்ரோலும் சூடான மேனிஃபோல்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் வண்டியில் இது விளையாட்டில்லை. வாடகைக்கு அனுப்புமுன் குழாய்களை எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றிவிட வேண்டும். தீயணைப்பான் ஒன்று டிக்கியில் இருக்கட்டும்.

இரவுக் காட்சிக்கு வேறு தொல்லை. இந்தக் கார்களில் ஆல்டர்னேட்டர் கிடையாது; டைனமோ. எஞ்சின் மெதுவாக ஓடும்போது டைனமோ பேட்டரிக்கு எதுவும் தராது. டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்து அதைச் சொல்லும். ஹெட்லைட் இரண்டும் எரிய வண்டி வாசலில் நிற்கும் காட்சி என்றால், அத்தனை மின்சாரமும் பேட்டரியின் கைக்காசு. மணிக்கணக்கில் எரிந்தால் விடியற்காலை செல்ஃப் எடுக்காது. அப்போது ஜெனரேட்டர் வேனிலிருந்து யாராவது உதவிக்கு வயர் கொண்டு வருவார்கள். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். இது தெரியாமல் இன்றைய வழக்கப்படி மாற்றிக் கொடுத்தால் தீப்பொறி பறக்கும்.

உண்மையில் பல காட்சிகளுக்கு எஞ்சின் ஓடவே வேண்டியதில்லை. சத்தத்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். வண்டியை நாலு பேர் தள்ளலாம். தாழ்வான டிரெய்லரில் ஏற்றி இழுக்கலாம். உள்ளே பேசிக்கொண்டு போகும் காட்சிக்கு, நிற்கும் வண்டியைக் கட்டை கொடுத்து லேசாக ஆட்டி, லைட்டை நகர்த்தினாலே போதும். கட்டையைத் தகரத்தில் கொடுக்காமல் சேஸிஸில் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். இயக்குநரிடம் முன்கூட்டியே கேட்டால் பாதி ஸ்டார்ட்டுகள் மிச்சமாகும்.

பெயின்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய வண்டிகள் பலவற்றில் இருப்பது நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட். பெயின்டர்கள் டூகோ என்பார்கள். எத்தனை வருஷமானாலும் அது தின்னரில் கரையும். நம்பர் பிளேட்டை மறைக்க ஒட்டிய டேப்பின் பிசினைத் தின்னர் தொட்டுத் துடைத்தால் பிசினோடு பெயின்டும் வந்துவிடும். பழசாகக் காட்டத் தூவிய மண்பொடியை உலர்ந்த துணியால் துடைப்பதும் உப்புத்தாளால் தேய்ப்பதும் ஒன்றுதான். முதலில் தண்ணீரால் கழுவ வேண்டும். மணப்பெண்ணைப் பானெட்டில் ஏற்றி உட்கார வைக்கும் போட்டோக்காரர்களுக்கு: அது திண்ணை இல்லை.

சட்டத்தையும் பார்த்துவிட வேண்டும். 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, ஐம்பது ஆண்டு தாண்டிய, பெரிதாக மாற்றம் செய்யாத வண்டியை 'விஏ' எழுத்துகளோடு விண்டேஜ் வண்டியாகப் பதியலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைச் சாலையில் வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. கண்காட்சி, பழைய கார்களின் ஊர்வலம், பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் அனுமதி. பழைய பதிவு எண்ணிலேயே இருக்கும் வண்டிக்கும் சிக்கல் உண்டு. சொந்த உபயோகக் காருக்கான இன்சூரன்ஸ், வாடகைக்கு விட்டபோது நடந்த சேதத்தை ஏற்காது. எனவே கம்பெனியிடம் படப்பிடிப்புக்கான தனி இன்சூரன்ஸில் வண்டியின் பெயரையும் மதிப்பையும் சேர்க்கச் சொல்லி எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை உதவாது.

சினிமாக்காரர்களிடம் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. "ஏதாவது பழைய கார்" என்றுதான் கேட்கிறார்கள். அதனால்தான் சுதந்திரப் போராட்டக் கதையில் அம்பாசடர் வருகிறது. அது சந்தைக்கு வந்ததே 1950-களின் இறுதியில். இன்னும் மோசம், வெடிக்க வைப்பதற்கும் பள்ளத்தில் உருட்டுவதற்கும் பழைய காரை மலிவாக வாங்குவது. அம்பாசடர் தயாரிப்பு 2014-இல் நின்றுவிட்டது. ஹெரால்டு நின்று அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. உருட்டிவிட்டதை ஈடுகட்ட இன்னொன்று எங்கிருந்தும் வராது. கோவையில் ஜி.டி. கார் அருங்காட்சியகமும், வடபழனியில் ஏவிஎம் அருங்காட்சியகமும் பழைய கார்களைப் பொத்திப் பாதுகாக்கின்றன. எல்லா வண்டிக்கும் அங்கே இடம் கிடைக்காது. மற்றவை வீடுகளில்தான் பிழைக்க வேண்டும். அவை பிழைக்கச் செலவாகும். படப்பிடிப்பு வாடகை அந்தச் செலவுக்கு உதவினால் நல்லதுதான். பூட்டிய ஷெட்டில் துணி போர்த்தி நிற்கும் கார், படப்பிடிப்புக்குப் போகும் காரைவிடச் சீக்கிரம் சாகும்.

ஆகவே கொடுங்கள், ஆளோடு கொடுங்கள். சாவி அந்த ஆளிடமே இருக்கட்டும். வண்டி வீடு திரும்பிய மறுநாள் காலை, வெயில் ஏறுமுன், ரேடியேட்டர் தண்ணீரையும் ஆயிலையும் பார்த்துவிட்டு ஒரு முப்பது கிலோமீட்டர் நிறுத்தாமல் ஓட்டி வாருங்கள். பேட்டரி ஏறும், பிளக்கில் படிந்த கரி எரியும், வண்டியில் என்ன கெட்டிருக்கிறது என்பதும் அந்த ஓட்டத்தில் தெரிந்துவிடும். வாடகைப் பாக்கியை அதற்குப் பிறகு பைசல் செய்தால் போதும்.