மருத்துவரை அழைக்காத விடை

68 வயது மாது ஒருவர் வருகிறார். இரண்டு வாரமாகத் தலைவலி. நெற்றிப்பொட்டைத் தொட்டால் வலிக்கிறது, தலை சீவ முடியவில்லை. சாப்பிடும்போது மெல்ல மெல்லத் தாடை வலிக்கிறது. நேற்றுக் காலை ஒரு கண் சில விநாடி இருட்டிவிட்டுத் தெளிந்தது. அடுத்து நீங்கள் செய்யவேண்டியது என்ன?

வார்டில் பல ஆண்டுகள் வேலை பார்த்த தாதியின் கை உடனே தொலைபேசியைத் தேடும். மருத்துவரிடம் சொல்லவேண்டும். அது நல்ல பழக்கம், உயிர் காக்கும் பழக்கம். ஆனால் அமெரிக்காவின் ‘நர்ஸ் பிராக்டிஷனர்’ சான்றிதழ்த் தேர்வில் இப்படி ஒரு கேள்வி வந்தால், ‘மருத்துவருக்குத் தெரிவிப்பேன்’ என்பது பெரும்பாலும் தவறான விடை. அந்த அறையில் முடிவெடுக்க வேண்டியவர் நீங்கள்தான். நெற்றிப்பொட்டுத் தமனியில் அழற்சி என்று சந்தேகிக்க வேண்டும். பார்வை போய்விடும் ஆபத்து இருப்பதால் திசுப் பரிசோதனைக்குக் காத்திருக்காமல் உயர் அளவு ஸ்டீராய்டு மருந்தைத் தொடங்கி, அன்றைக்கே நிபுணரிடம் அனுப்பவேண்டும்.

திறமையான, அனுபவமுள்ள தாதியர்கூட இந்தத் தேர்வில் தடுமாறுவதற்கு முக்கியக் காரணம் இதுதான் என்பேன். பாடம் தெரியாமல் இல்லை. பத்து, பதினைந்து ஆண்டுகளாக ஊறிப்போன ஒரு பார்வையை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இங்கிருந்து அமெரிக்காவுக்குச் சென்று தாதியாகப் பணிபுரியும் நம்மவர்கள் சிலருக்கு அடுத்த படியாகத் தெரிவது இந்தத் தகுதி. குடும்பத்தாருக்கோ, ‘இத்தனை வருஷம் நர்ஸாக இருந்தவளுக்கு இன்னும் என்ன பரீட்சை?’ என்ற கேள்வி இருக்கும். அதனால் முதலில் இந்த வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

நர்ஸ் பிராக்டிஷனர் என்பவர் நோயாளியைப் பரிசோதித்து, நோயைக் கண்டறிந்து, மருந்து எழுதித் தரும் தகுதி பெற்ற தாதி. 1965ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தாதி லொரெட்டா ஃபோர்டும் குழந்தை மருத்துவர் ஹென்றி சில்வரும் இதற்கான முதல் பயிற்சியைத் தொடங்கினார்கள். மருத்துவர் எட்டாத இடங்களில் வாழ்ந்த பிள்ளைகளுக்காகத் தொடங்கிய முயற்சி அது. ஃபோர்ட் 2025 ஜனவரியில், 104 வயதில் காலமானார். இன்று அமெரிக்காவின் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் நர்ஸ் பிராக்டிஷனர்கள் மருத்துவரின் மேற்பார்வை இன்றியே பணியாற்றலாம்.

சிங்கப்பூரிலும் இதற்கு ஒரு தம்பி உண்டு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 2003ல் தாதிமை முதுநிலைப் படிப்பைத் தொடங்கியது. ‘ஏபிஎன்’ என்று இங்கே நாம் அழைக்கும் உயர்நிலைத் தாதியர் 2006 முதல் பதிவு பெற்று வருகிறார்கள். முதுநிலைப் பட்டம், அதன் பிறகு மேற்பார்வையில் ஓராண்டுப் பயிற்சி, அதற்கும் பிறகே சான்று. ஆனால் இங்கு ஏபிஎன் ஆகிவிட்டால் அமெரிக்கத் தேர்வை நேரே எழுதிவிடலாம் என்று நினைப்பது தவறு. அங்கே தாதியாக உரிமம் பெற என்கிளெக்ஸ் தேர்வு எழுதவேண்டும். பிறகு அந்நாட்டில் அங்கீகாரம் பெற்ற முதுநிலை அல்லது முனைவர் படிப்பை நேரடி மருத்துவப் பயிற்சியோடு முடிக்கவேண்டும். அந்தப் பயிற்சிக்கு 500 மணி நேரம் என்பதே நெடுங்காலம் குறைந்தபட்ச அளவாக இருந்தது. 2022ல் வந்த தேசியத் தரநிலை அதை 750 ஆக உயர்த்தியிருக்கிறது.

எந்தத் தேர்வு?

குடும்ப மருத்துவப் பிரிவை எடுப்பவருக்கு இரண்டு தேர்வுகள் உண்டு, ஒன்றில் தேறினால் போதும். ஏஏஎன்பி சான்றிதழ் வாரியத்தின் தேர்வில் 150 கேள்விகள், மூன்று மணி நேரம். ஏஎன்சிசி என்ற அமைப்பின் தேர்வில் 175 கேள்விகள், மூன்றரை மணி நேரம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: இரண்டிலும் ஒரு கேள்விக்குச் சரியாக 72 விநாடி. முதல் தேர்வில் 15 கேள்விகளுக்கும் இரண்டாவதில் 25 கேள்விகளுக்கும் மதிப்பெண் கிடையாது. வருங்காலத் தேர்வுகளுக்காக அவற்றைச் சோதித்துப் பார்க்கிறார்கள். எது சோதனைக் கேள்வி என்று எழுதுபவருக்குத் தெரியாது. ஆகவே கண்டும் கேட்டும் இராத ஒரு கேள்வி வந்தால் கலங்கி நிற்காமல், ஒரு விடையைக் குறித்துவிட்டு நகர்வதே புத்திசாலித்தனம்.

ஏஏஎன்பி முழுக்க முழுக்க நோயாளி சார்ந்தது: பரிசோதித்தல், நோயறிதல், திட்டமிடல், பலனை மதிப்பிடல். ஏஎன்சிசி அதோடு ஆய்வு முறை, நெறிமுறை, சுகாதாரக் கொள்கை ஆகியவற்றையும் கேட்கும். எது எளிது என்று தோழியரிடம் விசாரித்துக்கொண்டே மாதங்களைக் கடத்துபவர்கள் உண்டு. நோயாளியைப் பார்ப்பதில் மனம் தோய்ந்தவர் முதலாவதையும், பாடம் நடத்தும் ஆசை உள்ளவர் இரண்டாவதையும் எடுப்பது வழக்கம். இரண்டு நாள் யோசித்தால் போதும்.

இங்கு கற்றதை அங்கு மொழிபெயர்ப்பது

நம் பக்கத்திலிருந்து போனவர்களுக்கென்றே சில இடறல்கள் இருக்கின்றன. பொதுவான வழிகாட்டி நூல்கள் இவற்றைச் சொல்லித் தருவதில்லை.

முதலாவது, அளவைகள். இங்கே வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை 7 மில்லிமோல் என்றால் நீரிழிவு என்று நமக்கு உடனே தெரியும். அங்கே அதே அளவு 126 மில்லிகிராம். கெட்ட கொழுப்பு 4.9 என்பது அங்கே 190. பச்சிளங்குழந்தைக்கு 38 டிகிரி காய்ச்சல் என்றால் நெஞ்சு பதறும் நமக்கு, 100.4 ஃபாரன்ஹீட் என்று படித்தால் அதே பதற்றம் வரவேண்டும். 72 விநாடிக்குள் மனத்தில் பெருக்கி வகுத்துக்கொண்டிருக்க முடியாது. எடை பவுண்டில் வரும்.

மருந்துப் பெயர்களும் அப்படியே. பாரசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென். சால்பியூட்டமால் அங்கே அல்பியூட்டரால். அட்ரினலின் எபிநெஃப்ரின்.

மூன்றாவதுதான் சிக்கலானது. வழிகாட்டு நெறிகள் நாட்டுக்கு நாடு மாறுபடும். சிங்கப்பூரில் உயர் இரத்த அழுத்தம் 140க்கு 90 என்று பழகியவர், 2017ல் வெளிவந்த அமெரிக்க நெறிப்படி 130க்கு 80 என்று மாற்றிக்கொள்ள வேண்டும். உடல் எடைக் குறியீடு 23ஐத் தாண்டினாலே இங்கே எச்சரிப்போம்; அங்கே பொதுவாக 25. பிறந்த குழந்தைக்குப் பிசிஜி ஊசி போடுவது நமக்கு இயல்பு. அமெரிக்க அட்டவணையில் அது இல்லை. டெங்கியைக் கண்ணை மூடிக்கொண்டு அடையாளம் காணும் தாதிக்கு, உண்ணி கடித்துத் தோலில் இலக்குப் பலகைபோல வட்டமாகச் சிவக்கும் லைம் நோயைப் படத்தில்கூடப் பார்த்த நினைவிருக்காது. தேர்வு விரும்பிக் கேட்பது அதைத்தான்.

ஒரு நோட்டுப் புத்தகத்தின் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் ‘இங்கே’, வலப்பக்கம் ‘அங்கே’ என்று முதல் வாரத்திலேயே எழுதத் தொடங்கலாம். விலைகொடுத்து வாங்கும் பல வகுப்புகளைவிட அது உதவும்.

படிக்கும் விதம்

தேர்வு வாரியங்கள் எந்தப் பகுதியிலிருந்து எத்தனை விழுக்காடு என்ற பாடத்திட்டத்தை வெளியிடுகின்றன. அதை முதலில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டவேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்பவருக்கு இதயமும் நுரையீரலும் மனப்பாடம். அதனாலேயே அவற்றைத் திரும்பத் திரும்பப் படிப்பார், மனத்துக்கு இதமாக இருக்கும். ஆனால் ஒன்பது மாதக் குழந்தை என்னென்ன செய்யவேண்டும், கர்ப்பிணிக்கு எந்த இரத்த அழுத்த மாத்திரை ஆகாது என்ற கேள்விகளில்தான் மதிப்பெண் நழுவும். குடும்ப மருத்துவத் தேர்வு பெரும்பாலும் சாதாரண நோய்களைப் பற்றியது. தொண்டை வலிக்கு எப்போது ஆன்டிபயாட்டிக் வேண்டும், எப்போது வேண்டாம் என்பதில் தெளிவு வேண்டும். காய்ச்சலும், உள்நாக்குப் பக்கம் சீழும், கழுத்தின் முன்பக்க நெறிக்கட்டு வலியும் இருந்து, இருமல் இல்லை என்றால் ஸ்ட்ரெப் கிருமியைச் சந்தேகித்துப் பரிசோதிக்க வேண்டும். இருமலும் மூக்கொழுகலும் இருந்தால் பெரும்பாலும் வைரஸ்.

மரியா லெய்க்கின் நூல், மார்கரெட் ஃபிட்ஸ்ஜெரல்டின் வகுப்பு என்று பலரும் பரிந்துரைப்பவை உண்டு. ஒரு நூல், ஒரு கேள்வித் தொகுப்பு போதும். நான்கைந்து வாங்கி அடுக்குவது பயத்தைக் குறைக்குமே தவிர அறிவைக் கூட்டாது. தினம் ஐம்பது கேள்வி செய்து, தவறிய ஒவ்வொன்றுக்கும் ஏன் தவறியது என்று ஒரு வரி எழுதவேண்டும். தெரியாமல் தவறியதா, கேள்வியைச் சரியாகப் படிக்காமல் தவறியதா? ‘முதலில்’ என்று கேட்டதை ‘இறுதியில்’ என்று எடுத்துக்கொண்டதா? இந்த வகைப் பிழை புத்தகம் படித்துத் தீராது, பழகித்தான் தீரும். சரியான விடையும் ஏன் சரி என்று தெரியாமல் கிடைத்திருந்தால் அதையும் தவறென்றே கணக்கில் வைக்கவேண்டும்.

பட்டம் முடித்த கையோடு, இரண்டு மூன்று மாதத்துக்குள் எழுதிவிடுவது நல்லது. ‘கொஞ்சம் ஓய்வெடுத்துவிட்டு’ என்று தள்ளிப்போட்டால் படித்தது கரைந்துவிடும். வாரம் மூன்று நாள் பன்னிரண்டு மணி நேர வேலை, மீதி நாள் பிள்ளைகள், சமையல், மாமியாரின் மருத்துவமனைச் சந்திப்பு என்று ஓடும் பெண்ணுக்கு இது எளிதல்ல. வீட்டில் இருப்பவர்கள் ‘நல்லாப் படிம்மா’ என்று வாழ்த்துவதைவிட, வாரத்தில் இரண்டு மாலை அடுப்பங்கரையைத் தாங்கள் ஏற்றுக்கொண்டால் அது படிப்புக் கணக்கில் நேராகச் சேரும்.

இன்னொரு சின்ன விஷயம், நம் இனத்தவருக்கே உரியது. விண்ணப்பத்தில் உள்ள பெயரும் அடையாள ஆவணத்தில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். தந்தை பெயரைக் குடும்பப் பெயராக எழுதுவதா, ‘டாட்டர் ஆஃப்’, ‘அனாக் பெரெம்புவான்’ என்பதைச் சேர்ப்பதா விடுவதா என்ற குழப்பத்தைத் தேர்வுக்கூட வாசலில் தீர்க்க முடியாது. தாதி உரிமம் வாங்கும்போதே ஒரே வடிவத்தை முடிவு செய்து, எல்லா ஆவணங்களிலும் அதையே வைத்துக்கொள்ள வேண்டும்.

தேறாவிட்டால்? ஏஏஎன்பியில் பலவீனமான பகுதிகளில் 15 மணி நேரத் தொடர்கல்வி முடித்துவிட்டு மீண்டும் எழுதலாம்; ஒரு நாட்காட்டி ஆண்டில் இரண்டு வாய்ப்பு. ஏஎன்சிசியில் 60 நாள் காத்திருக்க வேண்டும். பழைய நூலை முதல் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்காமல், எங்கே சறுக்கியது என்று முடிவு அறிக்கை காட்டும் இடத்தில் தொடங்கவேண்டும். தேறியவருக்குச் சான்றிதழ் ஐந்தாண்டு செல்லும். ஏஏஎன்பி சான்றிதழைத் தேர்வின்றிப் புதுப்பிக்க, அந்த ஐந்தாண்டில் 1,000 மணி நேரப் பணியும் 100 மணி நேரத் தொடர்கல்வியும் காட்டவேண்டும். அதில் 25 மணி நேரம் மருந்தியலாக இருக்கவேண்டும்.